கன்னிக்காலில் ஏறிய புழு

செந்தில்நாதன் தன் வாழ்நாளில் இரண்டே உயிர்களைத்தான் கண்ணும் கருத்துமாக வளர்த்தார். ஒன்று மகள் கஜனி. மற்றது ரொறன்ரோவில், வோபர்ன் வீட்டின் பின்வளவுப் புல். இரண்டின் பக்கமும் அயலட்டைப் பிள்ளைகளை அண்டவிட மாட்டார். மகள் அவரைக் கேட்காமலே பிரசாந் என்று ஒருவனை அண்டவிட்டுவிட்டாள். ஆவணியில் கலியாணத்துக்கு நாளும் குறித்தாயிற்று. புல் மட்டும் இன்னும் சொல் கேட்டுக்கொண்டிருந்தது.

சொல் கேளாதது ஒன்று அந்த வளவில் இருந்தது. தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில், புல்வெட்டும் மெஷின் நுழையமுடியாத மூலையில், யாரும் நடாமல் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நெஞ்சளவுக்கு எழும்பி நின்ற ஒரு பத்தை. தடித்த இலை, ஒடித்தால் பால், எருக்கலைக்குத் தூரத்துச் சொந்தம் போல ஒரு சாடை. இந்த நாட்டில் அதற்கு மில்க்வீட் என்று பெயர். செந்தில்நாதன் வைத்த பெயர் ‘உந்தச் சனியன்’. வருடா வருடம் வெட்டுவேன் என்பார். வருடா வருடம் சரியாக அன்றைக்கென்று பார்த்து இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

அவருடைய மனைவி சந்திரவதனாவுக்கும் அந்தப் பத்தைக்கும் இடையில் ஒரு கணக்குத் தீராமல் கிடந்தது. அது செந்தில்நாதனுக்குத் தெரியாது.

போன வருடம், இதே ஓகஸ்டில், அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றக் கொட்டிலடிக்குப் போனவள் இலைகளில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரி போட்ட புழுக்களைக் கண்டாள். கண்டதுதான் தாமதம், உடம்பெல்லாம் கடித்தது. மயிர்க்கொட்டி! ஊரில் மாரி பிறந்தால் முருங்கை மரத்தில் மொய்த்துக் கிடக்கும், மேலில் பட்டால் தடித்து ஊதிப்போகும் அதே மயிர்க்கொட்டி கடல் தாண்டி, பனி தாண்டி, முருங்கையே இல்லாத ஊருக்கும் தேடி வந்துவிட்டது. வைத்தியம் அவளுக்குக் கைவந்தது. தும்புத்தடிக்குப் பழஞ்சாரத் துணி சுற்றி, எண்ணெயில் தோய்த்துப் பந்தம் கொளுத்தி, ஒவ்வொன்றாகச் சுட்டாள். எண்ணி எண்ணிச் சுட்டாள். பதினாலு. ஏதோ பெரிய போரை வென்றவள் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஸ்டெபனி நின்றாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். சத்தம் போட்டிருந்தால் சந்திரவதனாவும் திருப்பிச் சத்தம் போட்டிருப்பாள். கதை அதோடு முடிந்திருக்கும். ஸ்டெபனி சத்தம் போடவில்லை. தன் வீட்டுப் படியில் இருந்து அழுதாள். பிறகு எழும்பி வந்து, ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினாள். செம்மஞ்சள் நிறத்தில், கறுப்புக் கரை போட்ட வண்ணத்துப்பூச்சி. மொனார்க். இந்தப் பூச்சி குறைந்துகொண்டே போகிறது, இந்தப் பத்தையைத் தவிர வேறொன்றிலும் முட்டை இடாது, இங்கே பிறந்து மெக்சிக்கோ வரைக்கும் பறந்து போகும் என்றாள். கொல்ல வேண்டுமென்று செய்யவில்லை என்று சந்திரவதனா தன் பக்டரி இங்கிலிசில் சொல்லிப் பார்த்தாள். கையில் பந்தம் இன்னும் புகைந்துகொண்டிருந்ததால் அது அவ்வளவாக எடுபடவில்லை.

கருகாமல் கிடந்த ஒன்றைக் குனிந்து பார்த்தாள். அதன் உடம்பில் ஒரு மயிர்கூட இல்லை. வழுவழுவென்று, குழந்தைப்பிள்ளையின் கைவிரல் மாதிரி இருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. விருந்தில் சொதிக்கு உப்புக் கூடினால் வருகிற வெட்கமில்லை. பனிக்காலம் முழுக்க, பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் திரும்பத் திரும்ப வந்த வெட்கம். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒன்றையாவது பறக்கவிட்டுப் பார்த்தால்தான் நெஞ்சு ஆறும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் கலியாண வேலைகளுக்கு நடுவே, ஒரு காலை தேத்தண்ணிக் கோப்பையோடு போய்ப் பார்த்தபோது பதினொன்று இருந்தன. நாடாத்துண்டு போலச் சின்னச் சின்னதாய், இலையை அரித்துத் தின்றுகொண்டிருந்தன. அன்றிலிருந்து காலைத் தேத்தண்ணி கொட்டிலடியில்தான். ‘கலியாணக் களை, தனிய நிண்டு யோசிக்கிறா’ என்று செந்தில்நாதன் ஃபோனில் ஊருக்கெல்லாம் சொன்னார். அவர் யோசனை பண்ணுவது கொஞ்சம் அரிதென்பதால், மற்றவர்கள் பண்ணினால் அவருக்குப் பெரிய விஷயம்.

அப்போதுதான் ஈசான மூலை என்ற பேச்சு எழும்பியது.

“இஞ்சாரும், புதன்கிழமை கன்னிக்கால் நடவேணும். வடகிழக்கு மூலை எது? உந்தச் சனியன் நிக்கிற மூலைதான். நாளைக்கு வேரோடை பிடுங்கப்போறன்,” என்றார் செந்தில்நாதன்.

கலியாண வீட்டில் ஈசான மூலையில் ஒரு கொப்பை நட்டு, நவதானியம் இட்டு, பால் ஊற்றி, கலியாணத்துக்கு நாலாம் நாள் எடுத்துத் தண்ணீரில் விடுகிற சடங்கு அது. அசலுக்கு முள்முருக்கங் கொப்பாக இருக்கவேண்டும். ரொறன்ரோவில் முள்முருக்குக்கு எங்கே போவது? ஐயர் தன் காரின் டிக்கியில் எந்த மரத்தினதென்று ஒருவருக்கும் தெரியாத ஒரு கொப்பைக் கொண்டுவருவார். அதை யாரும் கேட்பதில்லை. ஆனால் மூலை மட்டும் அணுவளவும் பிசகக்கூடாது.

முப்பத்தொரு வருடத்தில் சந்திரவதனா கணவரிடம் ‘வேண்டாம்’ என்று ஒருமுறையும் சொன்னதில்லை. அதைவிட வசதியான வழிகள் அவளுக்குத் தெரியும்.

“பிடுங்கலாம்தான். நாள் குறிச்ச வீட்டிலை பச்சை மரம் வெட்டக்கூடாதெல்லோ? மச்சாள் சொன்னவ.”

“எப்ப சொன்னவ?”

“அண்டைக்கு.”

“உது மரமில்லையே, பத்தைதானே?”

“பால் வடியிறதெல்லாம் மரக் கணக்காம்.”

மச்சாள் என்றது செந்தில்நாதனின் தமக்கை வசுமதியை. விட்பியில் நாலு அறை வீட்டில் இருந்துகொண்டு, ரொறன்ரோவிலுள்ள சொந்தக்காரர்களின் நல்லது கெட்டதை எல்லாம் ஃபோனிலேயே நடத்துகிறவள். எந்தச் சடங்குக்கு எத்தனை வெற்றிலை என்று ஐயருக்கே தடுமாறினால் அவளைத்தான் கேட்பார். அப்படி ஒரு வழக்கத்தை அவள் சொல்லவுமில்லை, அப்படி ஒரு வழக்கம் இருக்கவுமில்லை. சட்டியில் வெங்காயம் வதங்குகிற நேரத்துக்குள் சந்திரவதனா உண்டாக்கியது அது.

செந்தில்நாதன் அன்றிரவே அக்காவுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டுவிட்டார். மறுநாள் வசுமதியே அழைத்தாள்.

“சந்திரா, நாள் குறிச்ச வீட்டிலை பச்சை மரம் ஒண்டும் வெட்டிப்போடாதையும். சொல்லிப்போட்டன். எங்கடை ஆக்கள் பரம்பரை பரம்பரையாப் பாக்கிறது.”

தெரியாது என்ற சொல்லைத் தொண்டைக்கு வெளியே விட்டுப் பழக்கமில்லாதவர்களால் மற்றவர்களுக்குக் கிடைக்கிற நன்மைகளில் இது ஒன்று. “ஓம் மச்சாள்,” என்றாள் சந்திரவதனா.

புதன்கிழமை காலை பத்தை அப்படியே நின்றது. புழுக்கள்தான் நிற்கவில்லை. குளவி கொண்டுபோனது பாதி, சிலந்தி கொண்டுபோனது கொஞ்சம், பதினொன்று நாலாகியிருந்தது. பந்தம் இல்லாமலே இத்தனை எதிரிகளா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. மிஞ்சிய நாலும் சின்ன விரல் தடிப்பில் கொழுத்திருந்தன. இப்போது அந்த மூலையில் குழி தோண்டி, முப்பது பேர் சுற்றி நின்று மிதித்தால் அதுகளும் போய்விடும்.

ஐயர் கொப்போடு வந்தார். வெள்ளை வேட்டிக்கு மேலே ஜக்கெட் போட்டிருந்தார். அவருக்கு வெக்ஸ்போர்ட் பக்கம் பதினொரு மணிக்கு இன்னொரு வீட்டுக் கன்னிக்கால் இருந்தது. செந்தில்நாதன் மண்வெட்டியோடு பத்தையடிக்குப் போனார். வெட்டாமல், கொஞ்சம் சரித்துவிட்டு நடலாம் என்று அவர் ஒரு சட்ட நுணுக்கம் கண்டுபிடித்திருந்தார்.

சந்திரவதனா தட்டத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போனாள்.

“இஞ்சாருங்கோ, இஞ்சத்தை ரோட்டெல்லாம் கொஞ்சம் சரிவாம், வடக்கு உண்மையான வடக்கில்லையாம் எண்டு கஜனி சொன்னவள். ஃபோனிலை ஒருக்கால் பாத்திட்டு நடுங்கோவன். பிறகு மூலை பிழைச்சுப்போச்செண்டு ஆரும் கதைக்கக்கூடாது.”

அவ்வளவுதான் அவள் செய்தது. மிச்சத்தை ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டார்கள்.

செந்தில்நாதன் ஃபோனை எடுத்தார். அது வடகிழக்கு வேலிப் பக்கம் என்றது. வசுமதியின் கணவர் அருள்நாயகம் தன் ஃபோனை எடுத்தார். எஞ்சினியர், விலை கூடின ஃபோன். அது வடகிழக்கு ஸ்டெபனி வீட்டுக் குசினி என்றது. தகரக் கொட்டிலுக்குக் கிட்டப் போனால் முள் சுழன்றது, எட்டப் போனால் வேறு திசை காட்டியது. ஒருவர் ஃபோனைக் காற்றில் எட்டு எழுதுவதுபோல ஆட்டினால் முள் சரிவரும் என்றார். கலியாண வீட்டு ஆண்கள் ஏழு பேர், பட்டு வேட்டியோடு, புல்லின் நடுவில் நின்று கையை எட்டுப் போல ஆட்டினார்கள். ஸ்டெபனி யன்னலால் பார்த்தாள். இதுவும் சடங்குதான் என்று நினைத்திருப்பாள்.

“இருவத்தஞ்சு வருசமா உந்த வீட்டிலை இருக்கிறன், எனக்குத் தெரியாதே கிழக்கு?” என்றார் செந்தில்நாதன்.

“தெரிஞ்சிருந்தா அண்டைக்கு விட்பிக்கு வாறதெண்டு மிசிசாகாவிலை போய் நிண்டிருப்பியளே?” என்றார் அருள்நாயகம்.

அதற்குமேல் அது திசையைப் பற்றிய சண்டையாக இருக்கவில்லை. பத்தரை மணிக்கு ஐயருக்குப் பொறுமை போய்விட்டது. தான் நின்ற இடத்திலேயே, கிழக்கு வேலியின் நடுவில், குழியைத் தோண்டிக் கொப்பை நட்டுவிட்டார். “இதுதான் ஈசானம். பாலைக் கொண்டாங்கோ,” என்றார். மஞ்சள் துணி சுற்றிய கொப்பு மாவிலையோடு எழும்பி நின்றது. பத்தைக்கும் அதற்கும் இடையில் எட்டடி. சந்திரவதனா பால் ஊற்றினாள். பத்தையையே பார்த்துக்கொண்டு பாதியைப் புல்லில் சிந்தியதைக் கண்ட பெண்கள், மகளைப் பிரியப்போகிற தாய் என்று கண் கலங்கினார்கள்.

கன்னிக்காலுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றவேண்டும். வியாழன் இரண்டு புழுக்கள்தான் இருந்தன. வெள்ளி ஒன்றையும் காணவில்லை. ஒவ்வொரு இலையாகப் புரட்டினாள். நாளை மறுநாள் மகளுக்குக் கலியாணம், வீடு நிறைந்த சனம், இவள் பத்தைக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாள். ஒன்றும் இல்லை. கண்ணீர் வந்தது. நல்லவேளை, கலியாண வீட்டில் தாய் அழுதால் காரணம் கேட்கமாட்டார்கள்.

செம்பை எடுத்துக்கொண்டு கன்னிக்காலுக்குப் போனவள், மாவிலைக்கு அடியில் அதைக் கண்டாள். ஒரே ஒன்று. எட்டடி புல்லை ஊர்ந்து கடந்து, மஞ்சள் துணியில் ஏறி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை விடிய அது புழுவாக இல்லை. பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கூடு, மேல் விளிம்பில் பொட்டுப் பொட்டாகப் பொன். உண்மையான பொன் மாதிரி வெயிலில் மின்னியது. இவ்வளவு பெரிய நகரத்தில் தொங்க இடமா இல்லை, போயும் போயும் இதிலா என்று அவள் அதைத் திட்டினாள். திட்டிக்கொண்டே சிரித்தாள்.

கலியாணம் நன்றாக நடந்தது. அன்று மாலை வரவேற்பில் மண்டபத்துக்காரர் ஒரு பெட்டி வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டுவந்தார். இப்போது அதுதான் மோஸ்தராம். “இந்த வண்ணத்துப்பூச்சியைப் போல எங்கள் கஜனியும் கூட்டைவிட்டுத் தொலைதூரம் பறக்கிறா!” என்று ஒலிவாங்கியில் ஒருவர் உருகினார். கஜனி பறக்கிற தொலைதூரம் ஏஜக்ஸ். காரில் இருபது நிமிடம். சனிக்கிழமைகளில் வெறும் டப்பாக்களோடு வந்து, கறி நிரப்பிக்கொண்டு போவாள் என்பது இப்போதே முடிவான விஷயம். பெட்டியைத் திறந்தார்கள். குளிரில் வைத்திருந்த பூச்சிகள் ஏசிக்குள் எழும்ப மறுத்தன. இரண்டு பறந்தன. மற்றவை கேக்கின் மேல் விழுந்து கிடந்தன. ஒன்று வசுமதியின் தோளில் இருக்க, அவள் “ஐயோ பூச்சி!” என்று ஒரே அடி. எல்லோரும் கை தட்டினார்கள். சந்திரவதனா தட்டவில்லை.

நாலாம் நாள் புதன்கிழமை வந்தது. பொம்பிளை மாப்பிள்ளைக்கு விருந்து. ஆட்டிறைச்சிக் கறி கொதிக்கும்போதே வசுமதி சேலையைச் சொருகிக்கொண்டு பின்வளவுக்கு வந்துவிட்டாள்.

“தம்பி, காரை எடும். கன்னிக்காலைப் பிடுங்கி ஏரியிலை விட்டிட்டு வந்து சாப்பிடுவம்.”

சந்திரவதனா அகப்பையோடு ஓடிவந்தாள். வருகிற வழியில் மூன்று வழக்கங்களை உண்டாக்கினாள். புதன்கிழமை கால் பிடுங்கக்கூடாது. நட்டதே புதன்கிழமை, அது சரிவராது. இறைச்சி காய்ச்சின அன்று தொடக்கூடாது. ஒரு காகம் வந்து கத்தவேண்டும். ஒன்றாவது ஒப்பேறுமா என்று வசுமதியின் முகத்தைப் பார்த்தாள். ஒப்பேறாது. வசுமதியின் கை கொப்பின் கழுத்தைப் பிடித்துவிட்டது. விரலுக்கு ஓரங்குலம் கீழே பச்சைக் கூடு ஆடியது.

“மச்சாள், வேண்டாம்.”

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுச் செந்தில்நாதனே திரும்பிப் பார்த்தார்.

“என்ன வேண்டாம்? நாலாம் நாள் எடுக்காட்டிப் பிள்ளையளுக்குக் கூடாது. உமக்கென்ன விசரே?”

“உதிலை ஒரு கூடு இருக்கு. பிடுங்கினாச் செத்துப்போம்.”

“புழுக்கூட்டுக்காகவோ சாத்திரத்தை மீறச் சொல்லுறீர்?”

“ஓம்,” என்றாள் சந்திரவதனா. “போன வருசம் மயிர்க்கொட்டி எண்டு நினைச்சுப் பதினாலைப் பந்தம் கட்டிச் சுட்டனான் மச்சாள். என்ரை இந்தக் கையாலை. அது மயிர்க்கொட்டி இல்லை, ஒண்டுக்கும் ஒரு தீங்கும் செய்யாததுகள். ஒரு வருசமா எனக்கு நித்திரை சரியில்லை. இந்த முறை பதினொண்டு வந்தது. இந்த ஒண்டுதான் மிச்சம். இது பறக்கிற மட்டும் உந்தக் காலை ஒருத்தரும் தொடக்கூடாது. பச்சை மரம் வெட்டக்கூடாதெண்டதும் நான் சொன்ன பொய்தான்.”

அடுப்பில் கறி பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. பிரசாந், புதுச் சொந்தக்காரர்கள் எப்போதும் இப்படித்தானா என்று கஜனியைப் பார்த்தான். கஜனி தாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்றாள்.

வசுமதி கூட்டைப் பார்த்தாள். குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். பொன் பொட்டுகளை எண்ணினாள் போலிருந்தது. பரம்பரை பரம்பரையாக வந்த ஒரு வழக்கம் தம்பி பெண்சாதி வெங்காயம் வதக்கும்போது பிறந்தது என்ற செய்தியையும் அதே மூச்சில் விழுங்கவேண்டியிருந்தது, பாவம்.

“எத்தினை நாளாம்?” என்றாள் கடைசியில்.

“இன்னும் ஒரு கிழமை.”

வசுமதி கையை எடுத்தாள். சேலையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

“ஒரு கிழமை பொறுத்து எடுக்கிறதும் இருக்கு,” என்றாள் உரத்த குரலில், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக. “எங்கடை ஊரிலை சில பேர் அப்பிடித்தான் செய்யிறவை. முந்தின காலத்திலை அதுதான் முறை.”

அப்படி ஒரு முறை எந்த ஊரிலும் இல்லை. சந்திரவதனாவுக்கு அது தெரியும், வசுமதிக்கும் தெரியும். “வாரும், கறி அடிப்பிடிக்கப்போகுது,” என்றாள் வசுமதி.

அடுத்த செவ்வாய் கூடு கறுத்தது. புதன் காலை எட்டு மணிக்கு வெடித்து, நனைந்த கந்தல்துணி மாதிரி ஒன்று வெளியே வந்து தொங்கியது. சந்திரவதனா கதிரை போட்டு இருந்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. கந்தல் விரிய விரியச் செம்மஞ்சளும் கறுப்புமாக, ஸ்டெபனி காட்டின படத்தில் இருந்ததே வந்தது. ஸ்டெபனியும் வேலிக்கு அப்பால் நின்றாள்.

செந்தில்நாதன் ஃபோனோடு ஓடிவந்தார். எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தார். ‘நான் நட்ட கன்னிக்காலில் மகாலட்சுமி! எங்கள் வளவில் நான் பல வருடமாய்ப் பாதுகாத்து வளர்க்கும் அபூர்வ மூலிகைச் செடியில் வளர்ந்தது’ என்று குடும்பக் குழுவில் போட்டார். ஐந்து நிமிடத்தில் நாற்பது கும்பிடு வந்தது. வசுமதி, அது தான் குறித்துக் கொடுத்த நாளில்தான் பிறந்தது என்று கீழே எழுதினாள்.

பத்தரைக்கு அது பறந்தது. தகரக் கொட்டிலுக்கு மேலே ஒரு சுற்று, பத்தைக்கு மேலே ஒரு சுற்று, பிறகு ஸ்டெபனி வீட்டுக் கூரையைத் தாண்டிப் போய்விட்டது.

“உது மெக்சிக்கோவுக்கோ போகுது? விசா, பாஸ்போட் ஒண்டுமில்லாமல்?” என்றார் செந்தில்நாதன். தான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த விதம் நினைவு வந்ததோ என்னவோ, அது போன திசைக்குக் கையை ஆட்டிவிட்டார்.

சந்திரவதனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழும்பினாள். கொட்டிலுக்குள் போய் மண்வெட்டியை எடுத்துவந்து கணவரின் கையில் கொடுத்தாள். பத்தையிலிருந்து கன்னிக்கால் வரைக்கும், அவர் பிள்ளை போல வளர்த்த புல்லின் குறுக்கே, காலால் ஒரு கோடு இழுத்தாள்.

“இதுமட்டும் கொத்துங்கோ. பத்தையை இன்னும் பரப்பவேணும்.”

“என்னத்துக்கப்பா? அதுதான் பறந்திட்டுதே?”

“அது ஒண்டு,” என்றாள். “இன்னும் பதின்மூண்டு கணக்கிலை இருக்கு.”